துளை எண் இருபத்துமூன்று

செம்பூரில் உட்கார்ந்துகொண்டு, மாட்டுங்காவில் எவன் வேலை செய்கிறான், எவன் சும்மா இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். நான் நம்பவில்லை. ஒரே ஹாலுக்குள் முப்பது வருஷம் டீ கொடுத்த எனக்கே அது தெரிந்தது கிடையாது.

நான் தாவீது. உழைப்பாளர் சேமநல மன்றத்தின் மாட்டுங்கா கிளையில் பியூன். ரிட்டயர் ஆன பிறகும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த பீரோவின் கதவை எப்படித் தூக்கித் திறக்க வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால். படிப்பு நாலாம் வகுப்பு. தாராவியிலிருந்து தினமும் நடந்தே வருவேன்.

மன்றத்தின் வேலை சின்ன வேலை. உழைக்கிறவன் வீட்டில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கிடந்தால், கிளையில் காகிதத்தைச் சரிபார்த்து, செம்பூர் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒரு அனுமதி எண் வரும். எண் வந்தால் டாக்டர் கத்தியை எடுப்பார். வராவிட்டால் எடுக்கமாட்டார். அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் இந்தச் சின்ன வேலையைக் கண்காணிக்கப் பெரிய ஏற்பாடு வந்தது. என் டீ ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி. இருபத்துநாலு துளை. எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் அந்தத் துளைகளில்தான் வந்து சேரும். போர்ட் என்பார்கள், எனக்கு அது துளை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு பச்சை விளக்கு. சேதி போனால், வந்தால் சிமிட்டும். அந்தப் பெட்டியின் தலைமேல் இன்னொரு கறுப்புப் பெட்டியை வைத்தார்கள். எந்தத் துளையில் எவ்வளவு போகிறது என்று எண்ணி எண்ணி அது செம்பூருக்குச் சொல்லும். ஆபீஸ் லைன் செத்தாலும் அது சொல்லும், அதற்கென்று தனி சிம் உண்டு. எங்களுக்கு இல்லாத வசதி ஒற்றனுக்கு இருந்தது.

திறப்பு விழாவில் டைரக்டர் வேங்கடசுப்ரமணியன் பேசினார்.

"என்ன போகிறது என்று நாங்கள் பார்க்கப்போவதில்லை. அது உங்கள் அந்தரங்கம். எவ்வளவு போகிறது என்று மட்டும்தான் பார்ப்போம். ஒரு மனிதன் வேலை செய்கிறானா என்று அவனைப் பார்த்தால் தெரியாது. அவன் துளையைப் பார்த்தால் தெரியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் ட்ரே இருந்ததால் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.

சட்டம் இதுதான். பத்து நிமிஷம் தொடர்ந்து விளக்கு சிமிட்டாவிட்டால் செம்பூரிலிருந்து போன் வரும். மூன்று போன் வந்தால் மெமோ. ஒரு வாரத்துக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள். நாகராஜ் என்ற கிளார்க் தன் மகள் கல்யாண வீடியோவை எதிர் மேஜைக்கு அனுப்புவான், எதிர் மேஜை அதைத் திருப்பி அனுப்பும். அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஆபீஸில் தினமும் நாற்பது தடவை தாலி கட்டினார்கள். துளைகளில் போகிற சேதியின் அளவு, அதாவது கிளையின் ஓட்டம், ஏறிக்கொண்டே போனது. ஃபைல்கள் அப்படியே கிடந்தன.

சிக்கல் எனக்குத்தான் வந்தது. ஊழியர் இருபத்துமூன்று பேர், ஆகவே துளையும் இருபத்துமூன்று ஒதுக்கியாக வேண்டும். கடைசித் துளை எனக்கு. கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன். அது பட்ஜெட்டில் இல்லை, துளை மட்டும்தான் சாங்ஷன் என்றார்கள். ஆகவே இருபத்துமூன்றாம் துளையிலிருந்து ஒரு மஞ்சள் வயர் புறப்பட்டு, அலமாரியின் அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வந்து, என் ஸ்டூலுக்கு மேல் சும்மா தொங்கியது. நான் அதில் டீத்துணியைக் காயப்போட்டேன்.

மாதா மாதம் மெமோ வந்தது. 'துளை எண் 23-இல் போக்குவரத்து பூஜ்யம். காரணம் கூறுக.' தரை பெருக்கினேன், டீ கொடுத்தேன், ஃபைல் சுமந்தேன் என்று சொன்னேன். அனுமதி மேஜையில் இருக்கும் ஃபர்ஸானா அதை டைப் செய்து அனுப்பினாள். பதில் வந்தது. 'பெருக்குதல் போக்குவரத்தில் பதிவாகவில்லை.'

இது இப்படியே போயிருக்கும். நடுவில் என் வீட்டுக்காரி ஏஞ்சலம்மாள் விழுந்துவிட்டாள். இதயத்தில் வால்வு சுருங்கிப்போனது, மாற்ற வேண்டும், இரண்டு வாரம் தாங்காது என்றார்கள். சயான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுக்கிற டாக்டர் புனேயிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். இந்தச் சனிக்குப் பிறகு அவர் ஒரு மாதம் வெளிநாடு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மன்றத்தின் எண் வந்தால் சனிக்கிழமை காலையில் முதல் ஆள் அவள்தான். ஐந்து மணிக்குச் செம்பூர் மூடிவிடும்.

காகிதம் எல்லாம் வியாழக்கிழமை மாலையே தயார். ஃபர்ஸானா, "நாளைக்குக் காலைல மொத வேலையா அனுப்பிடுதேன் சாச்சா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்க," என்றாள். அவளும் தாராவிதான். மேலப்பாளையத்துக் குடும்பம். சொன்னால் செய்வாள்.

நான் கிளம்பும்போது மேனேஜர் சுந்தரராமன் ஒரு சர்க்குலருடன் ஓடி வந்தார். நாளை நாலு மணிக்கு டைரக்டர் இன்ஸ்பெக்ஷன்.

"தாவீது, இத கேட்டுக்கும். தொங்கற வயர் எதுவும் இருக்கப்படாது. எந்த முனையும் துளைக்கு வெளியில இருக்கப்படாது. சர்க்குலர்ல அப்படியே இருக்கு. உம்ம துணியையும் எடும், பார்க்கச் சகிக்கல."

துணியை எடுத்தேன். மஞ்சள் வயரின் முனை தொங்கியது. எந்த முனையும் வெளியில் இருக்கக்கூடாது. அலமாரியைத் திறந்து பார்த்தேன், இருபத்துநாலாம் துளை காலி. அதில் செருகினேன். டக் என்று உட்கார்ந்தது. என் துளை முதல் தடவையாகச் சிமிட்டியது. பக்கத்துத் துளையும் சிமிட்டியது. பிறகு இருபத்துநாலும் ஒன்றாகச் சிமிட்டின. டிசம்பர் மாதத்தில் எங்கள் சந்தில் கட்டுகிற ஸ்டார் மாதிரி இருந்தது. நல்ல வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஃபர்ஸானா பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பத்தே காலுக்கும் சுற்றியது.

"போவ மாட்டேங்குது சாச்சா. சுத்துதுன்னா சுத்திக்கிட்டே இருக்கு."

"மறுபடி அமுக்கு பிள்ள."

"ஒம்பது தடவ அமுக்கிட்டேன்."

ஹால் முழுக்க அப்படித்தான். ஒரு கம்ப்யூட்டரும் நகரவில்லை. நாகராஜின் மகள் கல்யாணம்கூடப் பாதியில் நின்றது. சுந்தரராமன் செம்பூருக்குப் போன் செய்யக் கையை நீட்டியபோது செம்பூரிலிருந்தே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். கண்காணிப்பு நிலையத்து ஹரி பேசினான்.

"சார், முபாரக் ஹோ! நாற்பது பிராஞ்ச்ல நீங்கதான் நம்பர் ஒன். காலைலேர்ந்து நூத்துக்கு நூறு ஓடுது. என் ஸ்க்ரீன் ஃபுல்லா பச்சை சார்!"

"இங்க ஒண்ணுமே ஓடலையேப்பா," என்றார் சுந்தரராமன்.

"க்யா பாத் கர்தே ஹோ, என்ன பேசறீங்க சார்! ஓடலைன்னு நீங்க சொல்றீங்க. ஓடுதுன்னு டேட்டா சொல்லுது. நான் எதை எழுதறது?"

சுந்தரராமன் யோசித்தார். ரிட்டயராக ஏழு மாதம் இருந்தது. "டேட்டா என்ன சொல்றதோ அதையே எழுதுப்பா."

"யாரு சார் அந்த இருபத்துமூணு? ஒண்டி ஆளா இவ்ளோ அடிக்கிறாரு? அப்புறம் இருபத்துநாலு. அவர் பேரே என் லிஸ்ட்ல இல்ல."

ஆள் இல்லாத துளை ஓடுகிறது என்றால் மேனேஜருக்கு மெமோ. சுந்தரராமன், "அவர் புதுசு," என்றார்.

பதினொன்றரைக்கு என் மகள் கிளாரா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "எப்பா, நம்பர் வந்துட்டான்னு கேக்காவ. அம்மைக்கு மூச்சு வாங்குது. என்ன சொல்ல?"

"வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லு."

எனக்குத் திரையில் நம்பிக்கை இல்லை, கால்களில் உண்டு. ஃபர்ஸானாவிடம் காகிதத்தை வாங்கிக்கொண்டு, ரயிலேறிக் குர்லாவில் மாறிச் செம்பூரில் இறங்கி, தலைமை அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பு நிலையம் இரண்டாம் மாடி. சுவர் முழுக்கத் திரை. நாற்பது கிளைக்கு நாற்பது கோடு. கோடு இறங்கினால் மெமோ மணி அடிக்கும், ஏறினால் பாராட்டு மணி. எங்கள் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாராட்டு மணி காலையிலிருந்து அடித்ததில் ஹரி காதில் பஞ்சு வைத்திருந்தான்.

காகிதத்தை நீட்டினேன். "தம்பி, மாட்டுங்கா கிளை. அனுமதி எண் வேணும். அவசரம்."

"பேப்பர் வாங்கறதில்ல பெரியவரே. பேப்பர் வந்தா டிராஃபிக்ல தெரியாது. சிஸ்டத்துல அனுப்பச் சொல்லுங்க."

"சிஸ்டம் ஓடல."

அவன் சுவரைக் காட்டினான். "அதோ ஓடுதே. நீங்க யாரு?"

"பியூன் தாவீது. துளை இருபத்துமூணு."

அவன் முகம் மாறியது. எழுந்து நின்றான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

"பொய் சொல்லாதீங்க. தாவீது சார் இப்ப மாட்டுங்காவுல சீட்ல இருக்காரு. ஒரு செகண்ட்கூட எந்திரிக்கல. காலைலேர்ந்து பாத்ரூமே போகலை அந்த மனுஷன். இங்க நிக்கிறது யாரு?"

"நான்தாம்லே தாவீது!" என்று ஐடி கார்டை நீட்டினேன்.

"ஐடி கார்டு எவன் வேணாலும் அடிப்பான். டேட்டாவ அடிக்க முடியாது." செக்யூரிட்டியைக் கூப்பிட்டான். வெளியில் தள்ளினார்கள். தள்ளியவனும் என்னைப் போல ஒப்பந்தத்தில் இருக்கிறவன்தான், கொஞ்சம் மெதுவாகத் தள்ளினான்.

திரும்பி வரும்போது மூன்றே கால். படி ஏறுகையில் எனக்கே மூச்சு வாங்கியது. ஃபர்ஸானா அலமாரிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"சாச்சா, நேத்து சாயங்காலம் இங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

"தொங்குன முனையச் செருகுனேன். சர்க்குலர்."

"எந்த முனைய? எதுல?"

காட்டினேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு முனையும் ஒரே பெட்டியிலயா? யா அல்லா! சாச்சா, இது அனுப்புறது இதுக்கே திரும்பி வருது. திரும்பி வந்ததை மறுபடி அனுப்புது. தனக்குத்தானே பேசிக்கிட்டு நிக்குது. அதுக்கு நடுவுல நம்ம பேப்பர் எப்பிடிப் போவும்?"

"அப்போ இந்த ஓட்டம் முழுக்க?"

"ஒண்ணுமே இல்ல. சும்மா சுத்து."

என் பெஞ்சாதியின் மூச்சை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அலமாரியை இழுத்தேன். பூட்டு. என் வாழ்க்கையில் அந்த அலமாரி பூட்டி நான் பார்த்ததில்லை. சாதனை நடந்துகொண்டிருப்பதால் பூட்டி வைக்கும்படி மதியம் உத்தரவு வந்ததாம். சாவி சுந்தரராமனிடம்.

அவர் அறைக்குப் போனோம். ஃபர்ஸானா சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்குப் புரிந்தது. அதுதான் மோசம்.

"பிடுங்கினா கோடு என்னாகும்?"

"இறங்கும் சார். பழைய இடத்துக்கு வரும்."

"நூறுலேர்ந்து மூணுக்கு. டைரக்டர் எதிர்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாவீது, உம்ம ஆத்துக்காரி விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீரா? ஆனா சர்க்குலர் பன்னெண்டு. ஓட்டம் பாதிக்குக் கீழ இறங்கினா கிளை மேனேஜர் சஸ்பெண்ட். டைரக்டர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் ஒரு நிமிஷம், நானே பிடுங்கறேன்."

"எப்போ போவாரு?"

"அஞ்சு, அஞ்சரை."

"அஞ்சு மணிக்குச் செம்பூர் மூடிரும் சார்."

"நான் என்ன பண்றது, சொல்லும்." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு டைரக்டர் வந்தார். அலமாரிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இரண்டு நாற்காலிகளுக்கு மாலை. ஒன்று எனக்கு. இன்னொன்று துளை எண் இருபத்துநான்கு ஊழியருக்கு. அவர் வேலையில் மூழ்கியிருப்பதால் வர இயலவில்லை என்று சுந்தரராமன் சொன்னார். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. காலி நாற்காலிக்குச் சால்வை போர்த்தினார். அவருக்கு எந்த ஊர் என்று கேட்டார். அம்பர்நாத் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அவ்வளவு தூரத்திலிருந்து வந்து," என்றார் டைரக்டர்.

எனக்குப் போர்த்திய சால்வைக்குள் வேர்த்தது. வேறு பியூன் கிடையாது என்பதால் மாலை போட்டவனே ட்ரேயையும் பிடிக்க வேண்டியிருந்தது. ட்ரேயில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல். டைரக்டர் மேஜையில் ஒரு சின்னத் திரையை நிறுத்தி வைத்திருந்தார், அதில் எங்கள் கோடு. பேச ஆரம்பித்தார். நாலு இருபது.

"ஆஸ்பத்திரிகள் அனுமதி கேட்கின்றன. கேட்பது அவர்கள் வேலை. நம் வேலை ஓட்டம். இன்று காலையிலிருந்து இந்தக் கிளையில் ஒரு அனுமதிகூடப் போகவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். நான் திகைத்தேன். ஏனென்றால் இன்றுதான் சரித்திரத்திலேயே அதிக ஓட்டம். அப்படியானால் என்ன தெரிகிறது? இத்தனை நாளும் ஓட்டத்தைத் தடுத்தவை அனுமதிகள்தான்!"

கை தட்டினார்கள். நாலு முப்பத்தைந்து. என் பையில் போன் துடித்தது. ட்ரேயைப் பிடித்த கையால் எடுக்க முடியவில்லை. நின்றது. மறுபடி துடித்தது.

"ஐயா," என்றேன். "என் வீட்டுக்காரிக்கு நாளைக்கு ஆப்ரேஷன். அவ பேப்பர் இந்த ஆபீஸ்ல மாட்டிக்கிட்டுக் கெடக்கு. இந்த ஓட்டம் பொய்யி. ஒரு வயரைப் பிடுங்குனா போயிரும்."

டைரக்டர் அன்பாகச் சிரித்தார்.

"பாருங்கள் இவர் பணிவை! தன் சாதனையையே பொய் என்கிறார். தாவீது, ஒரு பேப்பர் என்பது இந்தக் கோட்டில் ஒரு புள்ளிகூட ஆகாது. அதை நான் எப்படிப் பார்க்க முடியும்? கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக, தெரிகிற ஒன்றை நிறுத்தச் சொல்கிறீர்களா?"

மறுபடி பேசினார். மனிதவளம், பசுமைக் கோடு, அடுத்த ஆண்டு இலக்கு நூற்றுக்கு நூற்றுப் பத்து. நாலு நாற்பத்தெட்டு. ஃபர்ஸானா தன் மேஜையில் கம்ப்யூட்டர் எலியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு, "இப்போது ரிப்பன்," என்றார். நான் ட்ரேயோடு அலமாரிக்குப் பக்கத்தில் போனேன். மஞ்சள் வயர் அலமாரியின் அடியில் வளைந்து தொங்கியது, ரிப்பனுக்கு ஒரு சாண் கீழே. டைரக்டர் கையை நீட்டினார்.

கத்தரிக்கோலை நானே எடுத்தேன். குனிந்து வயரை வெட்டினேன். ரிப்பன் வெட்டுகிற கத்தரி, ஒரே வெட்டில் போகவில்லை. இரண்டாவது வெட்டில் போனது.

பழக்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

விளக்குகள் ஒரு கணம் செத்தன. பிறகு ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சோம்பலாகச் சிமிட்டின. டைரக்டரின் திரையில் கோடு குப்புற விழுந்தது.

"ஃபர்ஸானா!" என்று கத்தினேன்.

"அமுக்கிட்டேன் சாச்சா!"

வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றியது. நின்றது. நாலு ஐம்பத்தாறுக்கு எண் வந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள், வேதம் வாசிக்கிற மாதிரி. நான் போனை எடுத்தேன். கிளாரா அழுதுகொண்டே, "இங்கயும் வந்துட்டுப்பா," என்றாள்.

செம்பூரில் மெமோ மணி அடிக்கிறது என்று ஹரி ஸ்பீக்கரில் அலறினான். "சார், இருபத்துமூணும் இருபத்துநாலும் ஒரே நேரத்துல செத்துட்டாங்க! ஆம்புலன்ஸ் அனுப்பவா?"

டைரக்டர் என் சால்வையைத் தானே உருவிக்கொண்டார். என்னை உடனே வேலையிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்க உத்தரவும் சிஸ்டத்தில் செம்பூருக்குப் போய் எண் வாங்கி வந்தால்தான் செல்லும். அது ஐந்து மணிக்குள் நடக்காது, திங்கட்கிழமை முதல் வேலையாக அனுப்பச் சொன்னார். அதற்கு முன்னால் ஓட்டத்தைப் பழையபடி கொண்டு வர வேண்டும், அதுதான் அவசரம் என்றார். புது வயர் வந்தது. சுந்தரராமன் தன் கையாலேயே ஒரு முனையை இருபத்துமூன்றில் செருகினார், மறுமுனையை இருபத்துநாலில். கோடு கூரைக்குப் போனது. டைரக்டர் நிம்மதியாக டீ கேட்டார். நான்தான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை என் நீக்க உத்தரவை அனுப்பினார்கள். வட்டம் சுற்றியது.

ஏஞ்சலம்மாள் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். உத்தரவை அனுப்பி இன்றைக்கு இருபத்தாறாவது நாள். சுந்தரராமன் தினமும் நாலரைக்குக் காபி குடிக்கக் கீழே போகிறார். போகும்போது அலமாரிச் சாவியை என் ஸ்டூல் மேல் மறந்து வைத்துவிட்டுப் போகிறார். தினமும் மறக்கிறார். மெமோ மணி ஹரியின் பஞ்சு வைத்த காதில் விழாது, பத்து நிமிஷம் ஆனால்தான் செம்பூரிலிருந்து போன் வரும். ஒன்பது நிமிஷம் நான் வயரைப் பிடுங்கி வைக்கிறேன். அதற்குள் ஃபர்ஸானா அன்றைக்கு வந்த ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறாள். என் உத்தரவு வரிசையில் கடைசியில் இருக்கிறது. அதன் முறை வருவதற்குள் ஒன்பது நிமிஷம் முடிந்துவிடுகிறது. வயரைச் செருகிவிட்டு, அதன்மேல் டீத்துணியைக் காயப்போடுகிறேன்.

நேற்றுச் சாப்பிடும்போது ஏஞ்சலம்மாள் கேட்டாள். "ஒமக்கு வேல இருக்கா, போயிட்டா?"

"போயிட்டு," என்றேன். "இன்னும் செம்பூருக்குப் போய்ச் சேரல."